வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, அருகிலுள்ள அழகான இடங்களைக் காட்டும் கைபேசிச் செயலி ஒன்று செய்ய ஆசை. எதைக் கவனிக்க வேண்டும்?
– மாணவன், வெள்ளவத்தை

பதில்: தம்பி, இடங்களின் தரவுக்கு, பலரும் சேர்ந்து இணையத்தில் உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற உலக வரைபடம் இருக்கிறது, இலவசம். தரவை அங்கிருந்து எடுத்ததாகச் செயலியில் மறக்காமல் குறிப்பிடும். தலையிடி தூரக் கணக்கில்தான். ஜிபிஎஸ் புள்ளிகளை வைத்துக் கணக்கிட்டால் நேர்கோட்டுத் தூரமே வரும். பத்தரமுல்லை தியத்த உயனவில் நின்றால் எதிர்க்கரை கூப்பிடு தூரம். வாகனத்தில் போனால் தியவன்னா வாவியைச் சுற்ற வேண்டும். ஆகவே நேர்கோட்டில் முதலில் வடிகட்டி, மிஞ்சுபவற்றுக்கு மட்டும் வீதித் தூரம் பாரும்.

அடுத்தது நேரம். காலிமுகத்திடலுக்கு உச்சி வெயிலில் ஆளை அனுப்பினால் ஏச்சுத்தான் விழும். சூரியன் மறையும் நேரத்தை அகலாங்கு, நெட்டாங்கு, திகதி மூன்றையும் கொண்டு கைபேசியே கணக்கிடும், இணையம் தேவையில்லை. பெத்தகான ஈரநிலப் பூங்காவைக் காலையில் காட்டும், பறவை பார்க்கலாம். (ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் என்ற சர்வதேச உடன்படிக்கையின் ஈரநில நகர அங்கீகாரம் கொழும்புக்கு 2018இல் கிடைத்தது. எங்கள் ஆட்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?)

இருப்பிட அனுமதியைச் செயலி திறந்திருக்கும்போது மட்டும் கேளும். எந்நேரமும் கேட்கிற செயலியை என் மனைவி அன்றைக்கே அழித்துவிடுவா.