எண்ணத்தை மாற்றினால் உணர்ச்சி நுண்ணறிவு வளருமா?

சின்னச் சொல்கூட நாள் முழுக்க மனதைக் குடைகிறது, சிந்திக்கும் விதத்தை மாற்றி உணர்ச்சி நுண்ணறிவை, அதாவது தன் உணர்ச்சியையும் பிறர் உணர்ச்சியையும் புரிந்துகொண்டு கையாளும் திறனை, வளர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். நான் வளர்த்துக்கொண்டேன், அதனால்தான் தைரியமாகச் சொல்கிறேன். "இதையெல்லாம் மனசுல வச்சுக்காதே" என்று உங்களைச் சுற்றி இருப்பவர்கள் சொல்லிச் சொல்லியே உங்களுக்கு அலுத்துப்போயிருக்கும். எப்படி வைத்துக்கொள்ளாமல் இருப்பது என்று மட்டும் ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

முன்பு வேலை பார்த்த இடத்தில், நான் வாரக்கணக்கில் உட்கார்ந்து தயாரித்த அறிக்கையை எங்கள் டீம் லீடர் மீட்டிங்கில் தான் செய்தது போலக் காட்டினார். என் பெயர் எங்கேயும் வரவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது. "இங்கே என்னை யாருமே மதிப்பதில்லை" என்ற நினைப்பு மட்டும் திரும்பத் திரும்ப ஓடியது. அன்று இரவு தூக்கம் வராமல், நடந்தது என்ன, அதற்கு நான் சேர்த்துக்கொண்டது என்ன என்று பிரித்து எழுதினேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1950களில் உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸும் 1960களில் மனநல மருத்துவர் ஆரோன் பெக்கும் உருவாக்கிய மனநலச் சிகிச்சை முறைகளுக்கு அடிப்படையே இதுதான்: சம்பவத்துக்கும் உணர்ச்சிக்கும் நடுவில் ஒரு எண்ணம் இருக்கிறது, அது சட்டென்று வந்துபோவதால் நாம் கவனிப்பதே இல்லை. பெக் அதைத் தானியங்கி எண்ணம் என்றார்.

என் உழைப்பை அவர் தன்னுடையதாகக் காட்டினார் என்பது நடந்தது. யாருமே மதிப்பதில்லை என்பது நான் சேர்த்தது, ஏனென்றால் அதே வாரத்தில்தான் கூட வேலை செய்பவர்கள் என்னிடம் வந்து சந்தேகம் கேட்டுப் போயிருந்தார்கள். சேர்த்ததைக் கோடு போட்டு அடித்த பிறகும் கோபம் போகவில்லை, அது நியாயமான கோபம், போகவும் கூடாது. போனது அவமானம். அது இருந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன், இல்லையென்றால் எல்லோர் முன்னாலும் கத்தியிருப்பேன். மறுநாள் அவரைத் தனியாகப் பார்த்து, "சார், அந்த அறிக்கை நான் தயாரிச்சது, மேலே அனுப்பும்போது என் பெயரையும் போடுங்க" என்றேன். குரல் நடுங்கவில்லை. பெயரும் வந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் பெருமைதான்.

இது வெறும் பாசிட்டிவ் திங்கிங் என்று யாராவது சண்டைக்கு வரலாம். இல்லவே இல்லை. நல்லதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை, சரியாக நினையுங்கள் என்கிறேன். அடக்கிக்கொள்வதும் இது இல்லை. ஜேம்ஸ் கிராஸ் என்ற உளவியலாளரின் ஆய்வுகளில், உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் அடக்கியவர்களுக்கு உள்ளே இருந்த வேதனை குறையவில்லை, உடம்புக்குத்தான் சிரமம் கூடியது. விஷயத்தை வேறு விதமாகப் பார்த்தவர்களுக்கு வேதனையே குறைந்தது.

ஆனால் அலுவலகங்களில் உணர்ச்சி நுண்ணறிவு என்ற வார்த்தையை வைத்து நடத்துவது அடக்குகிற பாடம்தான். விடுமுறை நாளில் எங்களை வரவழைத்து, யார் திட்டினாலும் சிரிப்பது எப்படி என்று வகுப்பு எடுத்தார்கள். திட்டுகிறவர்களுக்கு வகுப்பு கிடையாது. 1990-ல் உளவியலாளர்கள் பீட்டர் சலோவியும் ஜான் மேயரும் உணர்ச்சி நுண்ணறிவு பற்றி எழுதியபோதே, தன் உணர்ச்சியோடு பிறர் உணர்ச்சியையும் புரிந்துகொள்வதைச் சேர்த்துத்தான் சொன்னார்கள். அந்தப் பாதியை மேலதிகாரிகளுக்கு யார் சொல்லித் தருகிறார்கள்? ஊழியர்கள் பொறுத்துப்போவதற்கு இவ்வளவு அழகான பெயர் தேவையில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கோபம் உச்சத்தில் இருக்கும்போது எழுத உட்காராதீர்கள், அப்போது எழுதுவதெல்லாம் வழக்காடுவது போலத்தான் வரும். கொஞ்சம் தணிந்த பிறகு எழுதுங்கள். "எப்போதும்", "யாருமே", "ஒருநாளும்" மாதிரி வார்த்தைகள் வந்தால் அங்கே நிறுத்தி, அது உண்மையா என்று பாருங்கள். உண்மையாகவே இருந்தால் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று அடுத்த வரியில் எழுதுங்கள். வாரக்கணக்கில் தூக்கமோ பசியோ இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மட்டும் இதை நம்பிக்கொண்டு இருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள், அது வேறு விஷயம்.