மடக்கு மண்வெட்டியால் வன்னியில் என்ன பயன்?

படைவீரர் குழி வெட்டக் கூடவே கொண்டுபோகும் சின்ன மண்வெட்டிதான் இது. மடங்கும் வகையை ஜேர்மன் படை 1938இலும் அமெரிக்கப் படை 1943இலும் எடுத்துக்கொண்டன. அலகுக்கும் பிடிக்கும் இடையில் ஒரு மூட்டு, அதை இறுக்க ஒரு திருகு வளையம். அவ்வளவுதான்.

பல வேலைக்கு உதவுவதற்குக் காரணமே அந்த மூட்டு. நேராக நீட்டி இறுக்கினால் மண் அள்ளலாம். 90 பாகையில் நிறுத்தினால் நம் மண்வெட்டி போலக் கொத்தலாம். விளிம்பைத் தீட்டி வைத்தால் வேரும் வெட்டும்.

மாரியில் நெடுங்கேணிப் பக்கம் மோட்டார்சைக்கிள் சேற்றில் புதைந்தபோதுதான் இதன் அருமை எனக்குத் தெரிந்தது. பின்சில்லுக்கு முன்னால் சேற்றைச் சரிவாக வழித்து, அதே விளிம்பால் பற்றைக் கொப்பு நாலைந்து தறித்துப் போட்டேன். சில்லு பிடித்தது. அப்புறம் வளையத்துக்குள் போன மண்ணைக் கழுவி எண்ணெய் விடுங்கள், இல்லாவிட்டால் இறுகிப்போகும்.

ஒன்று கட்டாயம்: மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் காணியில் எந்தக் கருவியாலும் மண்ணைத் தொடாதீர்கள்.

மடக்குக் குடை பையில் இருப்பதால் திடீர் மழைக்கு உதவும். பெருமழைக்கு நீட்டுக் குடைதான் சரி. அப்படித்தான் வரம்பு கட்ட நீளப்பிடி மண்வெட்டியே வேண்டும். குட்டைப் பிடியில் வீச்சும் குறையும், முதுகும் நோகும்.

‘ஆமிச் சாமான், உடையாது’ என்று நினைத்துப் பலர் இதை அலவாங்கு போலக் கல்லுக்கடியில் கொடுத்து நெம்புகிறார்கள். அந்தப் பாரம் முழுக்க மூட்டில்தான் விழும், முறிவதும் அங்கேதான்.