கொப்பியின் கடைசிப் பக்கம்

அன்புள்ள ஐயா,

களுவாஞ்சிகுடிப் பக்கம் படிப்பிக்கிறேன். பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி தமிழ்க் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் 'நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி' என்று எழுதியிருந்ததைப் போன கிழமை கண்டேன். சாகிற யோசனை இருக்கிறதா என்று நேரே கேட்கலாமா? கேட்டால் இல்லாத எண்ணமும் வந்துவிடும், பொலிஸ் கேஸ் ஆகும் என்கிறார் அதிபர். விழிப்புணர்வுச் செமினார் ஒன்று வைக்கவும் யோசிக்கிறோம். நல்ல புத்தகம் இருந்தால் சொல்லுங்கள்.

ஓர் ஆசிரியை

அன்புள்ள ரீச்சர்,

கேளுங்கள். தனியாகக் கூப்பிட்டு, சுற்றி வளைக்காமல் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. ஓம் என்றாளானால் தனியே விடாதீர்கள். வீட்டில் நம்பக்கூடிய ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு நீங்களும் போங்கள். இரவென்றால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். தற்கொலை முயற்சி 1998 முதல் இலங்கையில் குற்றமில்லை என்று அதிபருக்குச் சொல்லுங்கள். செமினார், புத்தகம் எல்லாம் மறுகா.

கோபமும் வருகிறது. ஒரு கிழமை! முன்பின் தெரியாத என்னிடம் கேட்க முடிந்த உங்களுக்கு, தினமும் முன் வாங்கில் இருக்கிற பிள்ளையிடம் கேட்க முடியவில்லையா?

போன மாதம் சித்தப்பாவின் திவசம். அன்றிலிருந்து இதே நினைப்புத்தான். எங்கள் பக்கம் டொக்டர் தருவதும் மருந்து, வயலுக்கு அடிப்பதும் மருந்து. எனக்குப் பன்னிரண்டு வயதில் சித்தப்பா மருந்து குடித்தார். வாட்டுக்குச் சோறு கொண்டுபோனேன். "சாகப் போனவருக்குச் சோறு ஒரு கேடா" என்றார் அங்கே வேலை செய்த ஒருவர். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. துண்டு வெட்டி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தால் அந்தப் போத்தல் மண்ணெண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்தில், பழைய இடத்திலேயே, மூடி இறுக்கி நிற்கிறது. யாரோ பொறுப்பாக மூடி வைத்திருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கின சாமான் அல்லவா! அப்பம்மாதான் கண்டு, ஏசிக்கொண்டே அப்புறப்படுத்தினார்.

மன உறுதி வேண்டும் என்று மேடையில் முழங்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 1995இல் இலங்கையில் இலட்சத்துக்குக் கிட்டத்தட்ட 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அந்த ஆண்டு மிகக் கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்தார்கள், 1998இல் எண்டோசல்பானையும். 2005 அளவில் அந்தத் தொகை பாதியாகியது. இடையில் போர் நடந்தது, சுனாமி வந்தது. எங்களுக்கு மன உறுதி கூடியா குறைந்தது? கடையில் அந்தப் போத்தல் இல்லை, அவ்வளவுதான். வீட்டில் பூட்டி வைத்தால் போதாதா என்பீர்கள். அநுராதபுர மாவட்டக் கிராமங்களில் பூட்டுப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். பலனில்லை என்று 2017இல் முடிவு வந்தது. ஆகவே அவள் வீட்டில் வயல் மருந்து இருந்தால் பூட்டச் சொல்லாதீர்கள். வீட்டை விட்டே எடுக்கச் சொல்லுங்கள்.

சித்தப்பா அதன்பிறகு முப்பது வருடத்துக்கு மேல் இருந்தார், பேரப்பிள்ளை கண்டார். ஒருநாள் வரம்பில் இருந்தபோது, அவர் வாயால் கேட்டது: "அண்டைக்கு ஆராவது தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டிருந்தா எழும்பிப் போயிருப்பன்ரா."

நாளைக்கு முதலாம் பாடத்துக்கு முந்தியே அவளைக் கூப்பிடுங்கள்.