ஒரு வருஷம்தானே?

அன்புள்ள ஐயா,

எங்கள் நிறுவனத்தின் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு வருஷ வேலைக்காக வெளிநாடு வந்திருக்கிறேன். இங்கிருந்து ஒருவர் என் இடத்துக்குப் போயிருக்கிறார். இது நான்காவது மாதம். முதல் இரண்டு மாதம் எல்லாமே பிடித்திருந்தது. இப்போது எதைப் பார்த்தாலும் எரிச்சல். பேருந்து இரண்டு நிமிஷம் தாமதமானால் கோபம் வருகிறது, கடையில் யாராவது நான் சொன்னதைத் திரும்பக் கேட்டால் அன்றைய பொழுதே கெட்டுப்போகிறது. அலுவலகத்தில் எல்லோரும் நல்லவர்கள், ஆனால் முக்கியமான வேலை எதையும் என்னிடம் தருவதில்லை. சனி, ஞாயிறு நம்மவர்கள் சிலருடன் கழிகிறது. மற்ற நேரமெல்லாம் வீட்டோடு வீடியோ அழைப்பு. மொழி வகுப்பில் சேரலாமா என்று கேட்டால், “ஒரு வருஷம்தானே, எதுக்கு?” என்கிறார்கள் நண்பர்கள். இன்னும் பெட்டியைக்கூட முழுதாகப் பிரிக்கவில்லை. குறை என்னிடம்தானா? முன்னதாகவே திரும்பிவிடுகிறேன் என்று கேட்டால் தவறா? வெளியிடுவதாக இருந்தால் என் பெயரும் நாடும் வேண்டாம்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பெயரையும் நாட்டையும் எடுத்துவிட்டேன். எடுத்த பிறகும் கடிதத்தில் எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை. எந்த நாட்டுக்குப் போனவர் எழுதியிருந்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும்.

கலெர்வோ ஓபர்க் என்று ஒரு மானுடவியலாளர். 1954இல் ரியோ டி ஜெனீரோவில், ஒரு மகளிர் மன்றத்தில் கலாசார அதிர்ச்சி பற்றி, அதாவது பழகாத நாட்டுக்குப் போனவருக்கு வரும் தடுமாற்றம் பற்றி, ஓர் உரை நிகழ்த்தினார். 1960இல் அது அச்சில் வந்தது. புது நாட்டுக்கு வந்தவர்களிடம் தென்படும் அறிகுறிகளை அதில் அடுக்கியிருக்கிறார். அடிக்கடி கை கழுவுவது, குடிக்கிற தண்ணீரைப் பற்றி ஓயாத கவலை, எங்கேயோ பார்த்தபடி உட்கார்ந்திருப்பது, சின்னத் தாமதத்துக்கெல்லாம் அளவுக்கு மீறின கோபம். உங்கள் பேருந்து அந்தப் பட்டியலில் இருக்கிறது பாருங்கள். இன்னொன்றும் இருக்கிறது: அங்கே பல வருஷமாக இருக்கிற சொந்த நாட்டுக்காரர்களையே சார்ந்திருக்கத் தோன்றுவது. உங்கள் சனி, ஞாயிறு! சொந்த நாட்டவர் கூடி உட்கார்ந்து வந்த நாட்டைத் திட்ட ஆரம்பித்தால் அதுவே நோய்க்கு நிச்சயமான அடையாளம் என்றும் சொல்லியிருக்கிறார். ஆகவே குறை உங்களிடமா என்ற கேள்வியை விட்டுவிடலாம். இது பலருக்கும் வருகிறது.

இதைவிட உங்களுக்கு நெருக்கமான ஆய்வு ஒன்று உண்டு. நார்வேயைச் சேர்ந்த ஸ்வெர்ரே லிஸ்கார்ட், அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அங்கே போய்த் திரும்பிய சுமார் 200 நார்வேக்காரர்களிடம் பேசி 1955இல் ஒரு கட்டுரை எழுதினார். ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்கள் நன்றாகவே பொருந்தியிருந்தார்கள். பதினெட்டு மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் அப்படித்தான். இடைப்பட்டவர்கள்தான் கஷ்டப்பட்டிருக்கிறார்கள். இறங்கி ஏறும் அந்த வளைகோடு அதற்கப்புறம் எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் வரையப்பட்டுவிட்டது. அது சரியென்றால் ஒரு வருஷப் பரிமாற்றம் என்பது பள்ளத்தில் இருக்கும்போதே விமானம் ஏறிவிடும் திட்டம். திட்டம் போடுகிறவர்கள் இதை யோசித்த மாதிரி தெரியவில்லை.

ஆனால் அந்தக் கோட்டை ஜாதகம் மாதிரி படிக்காதீர்கள். லிஸ்கார்ட் ஒரே ஆளை மாதாமாதம் தொடர்ந்து பார்க்கவில்லை. வெவ்வேறு காலம் தங்கிய வெவ்வேறு ஆட்களை ஒப்பிட்டார். 1998இல் உளவியலாளர் காலீன் வார்டும் அவருடைய குழுவினரும், நியூசிலாந்து போன ஜப்பானிய மாணவர்களை வந்து இறங்கியதிலிருந்து ஒரு வருஷம் தொடர்ந்து கேட்டுப் பார்த்தபோது, மனக்கஷ்டம் அதிகமாக இருந்தது வந்த புதிதில்தான். வந்த புதிதில் எல்லாமே பிடித்திருக்கும் தேனிலவுக் காலம் எதுவும் அங்கே தென்படவில்லை. ஆக, ஐந்தாவது மாதம் உங்களுக்கு என்ன செய்யும் என்று எந்த வளைகோடும் சொல்லாது. அது பெரும்பாலும் நீங்கள் அங்கே என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

நீங்கள் இப்போது செய்வது காத்திருப்பு. கடிதத்தில் எனக்கு உறுத்தியது எரிச்சல் இல்லை, அந்தப் பெட்டி. மேலே இருக்கும் நான்கு சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, அடியில் இருப்பதை எடுக்காமல், மூடியைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு நான்கு மாதம் வாழ முடியும்தான். “ஒரு வருஷம்தானே” என்ற பேச்சு எல்லாவற்றையும் அப்படி ஆக்கிவிடுகிறது. நல்ல மேஜை விளக்கு வேண்டாம், ஒரு வருஷம்தானே. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் வேண்டாம், நூலக அட்டை வேண்டாம், மொழி வேண்டாம். கடைசியில் மிஞ்சுவது அலுவலகமும் தொலைபேசியும். அந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு எந்த ஊரிலும் இருக்க முடியாது, பிறந்த ஊரில்கூட. மூன்று வருஷம் இருக்கப்போகிறவர் என்ன வாங்குவாரோ, எதில் சேருவாரோ, அதைச் செய்யுங்கள். வாங்கியதை விற்றுவிட்டு வரலாம்.

மொழி வகுப்பில் இந்த வாரமே சேருங்கள். எட்டு மாதத்தில் அந்த மொழியில் இலக்கியம் படிக்கப் போவதில்லை. கூட்டத்தில் ஒருவர் சிரிப்புக்காகச் சொன்னது புரியும். எதிராளி திரும்பக் கேட்டால் வேறு சொல் போட்டுச் சொல்லத் தெரியும். உங்கள் பொழுதைக் கெடுப்பது இவ்வளவுதானே. வகுப்பில் இன்னொரு லாபமும் உண்டு. அங்கே வருகிற எல்லோரும் உங்களைப் போலத் தடுமாறுகிறவர்கள், பாதிப் பேர் தனியாக இருப்பவர்கள். அந்த நாட்டுக்காரர்களிடம் நட்பு பிடிப்பது மெதுவாகத்தான் நடக்கும். அவர்களுக்கு ஏற்கனவே நண்பர்கள் இருக்கிறார்கள், ஒரு வருஷத்தில் போய்விடுகிறவருக்கு நேரம் ஒதுக்க யோசிப்பார்கள். அதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நம்மவர்களை விட்டுவிடச் சொல்லவில்லை. ஜுரம் வந்தால் கஞ்சி வைத்துத் தர அவர்கள்தான் வருவார்கள். இரண்டு நாளில் ஒரு நாளை மட்டும் வேறு எதற்காவது எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு அழைப்புக்கும் ஒரு நேரம் வையுங்கள். வீடியோவைத் திறந்து மேஜை மூலையில் சாய்த்து வைத்துவிட்டு, பேசுவதற்கு எதுவும் இல்லாமல் மூன்று மணி நேரம் அவர்கள் கூடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற பழக்கம் உங்களுக்கும் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்படி இருக்கையில் நீங்கள் இரண்டு வீட்டிலுமே இல்லை.

வேலை விஷயம் கொஞ்சம் வேறு. முக்கியமான வேலையைத் தராததற்குக் காரணம் பெரும்பாலும் அவநம்பிக்கையாக இருக்காது. உங்களால் என்ன முடியும் என்று அவர்களுக்குத் தெரியாது, விருந்தாளியிடம் வேலை சுமத்தவும் தயக்கம். கொடுப்பார்கள் என்று உட்கார்ந்திருந்தால் மீதி மாதங்களும் போய்விடும். எட்டு மாதத்தில் முடிக்கக்கூடிய ஒரு வேலையை நீங்களே தேர்ந்தெடுத்து, ஒரு பக்கத்தில் எழுதி, மேலாளரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். வேண்டாம் என்று சொன்னால்கூடப் பதிலுக்கு ஏதாவது ஒன்றைத் தந்தாக வேண்டும்.

அதற்கு முன், ஊரில் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அவரைப் பற்றி ஒரே வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். நீங்கள் இப்போது இருக்கும் அலுவலகத்தில் உண்மையில் முடிவெடுப்பவர் யார், எந்தக் கூட்டத்துக்குப் போகாமல் இருந்தாலும் பரவாயில்லை, யாரிடம் நேராகப் பேசலாம், யாரிடம் எழுதித்தான் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஊரில் உங்கள் மேலாளர் “பார்க்கலாம்” என்றால் முடியாது என்று அர்த்தம் என்பதும், இரண்டாவது இழுப்பறையைக் கொஞ்சம் தூக்கி இழுத்தால்தான் திறக்கும் என்பதும் அவருக்குத் தெரியாது. நான்காவது மாதம் அவருக்கும்தான் நடக்கிறது.

காகித விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பல நாடுகளின் வரிச் சட்டத்திலும் இரட்டை வரி ஒப்பந்தங்களிலும் ஒரு வருஷத்தில் 183 நாள் தங்குவது ஒரு முக்கியமான எல்லை. வருஷம் முழுக்க இருப்பவர் அதைத் தாண்டிவிடுவார். எங்கே வரி கட்ட வேண்டும் என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கி வையுங்கள். ஊர் வங்கியின் ஓடிபி வருகிற சிம்மை உயிரோடு வைத்திருங்கள். தொடர்ந்து சாப்பிடும் மருந்து ஏதாவது இருந்தால் பெட்டியில் போட்டிருக்கும் வணிகப் பெயர் அங்கே உதவாது, உள்ளே இருக்கும் மருந்தின் பொதுப் பெயரை (ஜெனரிக் பெயர்) எழுதி வையுங்கள். உடம்புக்கு வருவதற்கு முன்பே ஒரு மருத்துவரிடம் பதிவு செய்துவிடுங்கள்.

முன்னதாகத் திரும்புவது தவறில்லை. ஆனால் இந்த மாதம் முடிவெடுக்க வேண்டாம். வகுப்பு ஆரம்பித்து, ஒரு வேலை கையில் வந்து, ஆறாவது மாதம் முடியட்டும். இதற்கு ஒரு விலக்கு: வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, காலையில் எழவே பிடிக்கவில்லை என்ற நிலை என்றால் அது இந்தக் கடிதத்தில் அடங்குகிற விஷயம் இல்லை. அப்போது ஆறாம் மாதத்துக்காகக் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள், வீட்டிலும் சொல்லுங்கள். மற்றபடி, திரும்புவது என்றே ஆனால் முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். பயணச் செலவு யாருடையது, வீட்டு முன்பணம் யார் பெயரில் இருக்கிறது, நீங்கள் கிளம்பினால் அந்தப் பக்கம் இருப்பவரும் கிளம்ப வேண்டுமா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். கடைசிக் கேள்விக்கு அதில் பதில் இல்லாவிட்டால், முடிவெடுக்கும் முன் அவரிடமே கேட்டுவிடுங்கள்.