வாசகர் கேள்விகள்: மானியக் காசை எங்கே போடுவது?

பெரும்போக அறுவடை நெருங்குகிறது போல. இந்த முறை திருகோணமலைப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நெல் கடிதங்கள்தான்.

நாங்கள் மூதூர்ப் பக்கம் ஒரு மாதர் சங்கம். 11 பேர் சேர்ந்து சில வருடங்களாகப் பச்சைப்பெருமாள், சுவந்தல் என்ற பாரம்பரிய நெல் வகைகளைச் சேதன முறையில், அதாவது இரசாயன உரமும் மருந்தும் இல்லாமல் செய்கிறோம். சிறிய மானியம் ஒன்று கிடைக்கும் போல இருக்கிறது. சிலர் சொந்தமாக அரிசி மில் போடலாம் என்கிறார்கள், சிலர் பசளைக் கொட்டில் கட்டலாம் என்கிறார்கள். விண்ணப்பத்தில் எதை எழுதுவது?

இரண்டையும் எழுத வேண்டாம் தங்கச்சி. கோபிக்காமல் கேளுங்கள். பசளை போதாததுதான் குறை என்றால் கொட்டில் சரி. ஆனால் கடிதத்தின் அடியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், போன போகத்தில் பாதிக்கு மேல் வெட்டின கையோடு ஈரநெல்லாக யாவாரிக்குக் கொடுத்துவிட்டோம் என்று. ஓட்டை அங்கேதான் இருக்கிறது. மருந்தடிக்காமல், கையால் களை பிடுங்கி வளர்த்த நெல், லொறியில் ஏறியதும் மற்ற மூட்டைகளோடு மூட்டையாகி வெறும் சாதாரண நெல் விலைக்குப் போய்விடுகிறது. ஏன் கொடுத்தீர்கள்? காயவிட இடமில்லை, வைக்க இடமில்லை, வெட்டு மெசின்காரருக்கும் உழவுக்கும் காசு கட்ட வேண்டும். மானியம் இந்த மூன்றுக்கும் போகட்டும்.

முதலில் காயவிடுவது. நம்மூரில் தார் ரோட்டில் நெல் காய்வது பழகிய காட்சி, ஆனால் சூடேறிய தாரில் நெல் அவசரமாகக் காய்ந்தால் மணியில் கீறல் விழுந்து மில்லில் குறுணலாகப் போகும், கல்லும் மண்ணும் வேறு சேரும். ஒரு சிமெந்துத் தளம், நல்ல தறப்பாள்கள், ஈரப்பதம் பார்க்கும் மீற்றர் ஒன்று போதும். 14 சதவீதத்துக்கு மேல் ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும், அப்புறம் எந்தச் சான்றிதழும் உதவாது.

சாக்கையும் பாருங்கள். பலர் வீட்டில் நெல் கிடப்பது பழைய யூரியா உரப்பையில். தையல் ஓரத்தைப் பிரித்துப் பார்த்தால் மடிப்புக்குள் வெள்ளை வெள்ளையாக மணி ஒட்டியிருக்கும். சேதன நெல்லை அதில் கட்டிவிட்டு லேபிள் ஒட்டுவது என்ன கணக்கு? புதுச் சாக்கு, தரையில் படாமல் அடுக்க மரத்தட்டு, காற்றுப் புகாத உட்பை, இதெல்லாம் சின்னச் செலவுதான், ஆனால் விண்ணப்பங்களில் யாரும் எழுதுவதில்லை.

மில் விஷயம்: உங்கள் நெல்லைக் குற்ற வருடத்தில் சில நாள் போதும், மிச்ச நாளெல்லாம் மெசின் சும்மா நின்று கரன்ட் பில்லும் றப்பர் உருளையும் உங்கள் தலையில் விழும். ஏற்கனவே ஓடும் மில் ஒன்றில் முதலாளியோடு பேசி, மாதத்தில் ஒரு நாள் காலை முதல் வேலையாக, மெசினைத் துப்புரவாக்கிய பிறகு உங்கள் நெல் என்று எழுத்தில் வாங்குங்கள். முதலில் விழும் அரிசியை ஒதுக்கிக் கோழிக்குப் போடுங்கள்.

காசுதான் கடினம். அறுவடை நேரம் உறுப்பினருக்குப் பாதி விலையையாவது கையில் கொடுக்காவிட்டால் நெல் யாவாரியிடம்தான் போகும், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அதற்கு ஒரு சுழற்சி நிதி வேண்டும், அதாவது நெல் விற்றதும் திரும்பி வந்து அடுத்த போகத்துக்கும் உதவும் காசு. சில நிறுவனங்கள் இதற்கு மானியம் தராது, முன்கூட்டியே கேளுங்கள். இல்லையென்றால் களஞ்சியத்து நெல்லை ஈடாக வைத்துக் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ கடன் கேட்கலாம்.

அடுத்த முறைக்காக ஒன்று: யூ.என்.டி.பி. (ஐ.நா. அபிவிருத்தித் திட்டம்) ஊடாக நடக்கும், உலகச் சுற்றாடல் வசதி (GEF) என்ற நிதியத்தின் சிறு மானியத் திட்டம் 1992இல் தொடங்கியது, ஒரு திட்டத்துக்கு 50,000 டொலர் என்பது நெடுநாள் அதன் உச்ச வரம்பாக இருந்தது. அவர்கள் பார்ப்பது வருமானத்தை மட்டுமல்ல, சூழலையும். பாரம்பரிய விதை அழியாமல் வைத்திருக்கிறோம் என்பதை முன்னால் எழுதுங்கள். உங்கள் உழைப்பையும் கட்டிடத்தையும் உங்கள் பங்காகக் கணக்கில் காட்டலாம்.

தம்பலகாமத்தில் வயல். நான் மருந்து அடிப்பதில்லை. மேல் வயல்காரர் களைநாசினி அடிக்கிறார், அந்தத் தண்ணீர் வடிவது என் வயலுக்குத்தான். சேதன நெல் என்று விற்கலாமா?

ஏற்றுமதிச் சான்றிதழுக்கு இப்படியே போனால் தட்டிவிடுவார்கள். கந்தளாய்க் குளத்து நீர் வயலுக்கு வயல் இறங்கி வருகிற இடத்தில் நீங்கள் மட்டும் தனியாகச் சுத்தமாக இருப்பது லேசில்லை. வயல் தண்ணீரைப் பார்க்கும் வட்டவிதானையை வைத்துப் பேசி, மேல் வயல்காரர் அடிக்கும் நாளை முன்கூட்டியே கேட்டறிந்து அந்த நாட்களில் உங்கள் வாய்க்கடையை அடைத்து வையுங்கள். வரம்போரத் துண்டைத் தனியாக வெட்டிச் சாதாரண நெல்லாக விற்றுவிடுங்கள். வெட்டு மெசின் தொட்டியில் போன வயலின் நெல் கிடக்கும், அதனால் முதல் சாக்கையும் ஒதுக்குங்கள்.

ஐரோப்பாவுக்கென்றால் விதைப்புக்கு முன் 2 வருடம், அமெரிக்காவுக்கென்றால் அறுவடைக்கு முன் 3 வருடம் நிலம் தடைசெய்யப்பட்ட மருந்து, உரம் படாமல் இருக்க வேண்டும். நீங்கள் டவுனில் விற்கத்தானே போகிறீர்கள்? அதற்குப் பங்கேற்பு உத்தரவாத முறை போதும்: விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை மற்றவர் போய்ப் பார்த்து, எழுதி, கையெழுத்து வைப்பது. எஸ்.எல்.எஸ். 1324 என்ற, சேதன விவசாயத்துக்கான இலங்கைத் தரத்தை அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் களவாக அடித்தால் எல்லார் பெயரும் கெடும் என்பதால் ஆளை ஆள் கவனிப்பார்கள், எனக்கு இந்த முறையில் பிடித்ததே அதுதான்.

உப்புவெளியில் இருக்கிறேன். சேதன அரிசி ஏன் இவ்வளவு விலை? விலை கொடுத்து வாங்கினாலும் ஒரு மாதத்தில் வண்டு!

கணக்குப் போட்டுப் பாருங்கள். வெட்டும்போது 20 சதவீத ஈரத்தோடு இருக்கும் 1,000 கிலோ நெல், 14க்குக் காய்ந்தால் சுமார் 930 கிலோ. அதை மில்லில் போட்டால் உமியும் தவிடும் போய், தீட்டிய அரிசியாகக் கையில் வருவது 600 கிலோ சொச்சம். இது எல்லா நெல்லுக்கும்தான், ஆனால் பெரிய ஆலைக்கு ஒரே நாளில் ஆயிரம் மூட்டை, சேதன நெல் குற்றுபவர்களுக்குப் பத்து மூட்டை. ஏற்று கூலியும் பைக் காசும் அந்தப் பத்தின் மேல்தான் விழும்.

வண்டு உங்கள் வீட்டில் வைத்து வந்ததல்ல, முட்டை மணிக்குள்ளேயே இருந்திருக்கும். பெரிய களஞ்சியங்களில் புகை மருந்து வைப்பார்கள், சேதன நெல்லுக்கு அதை வைப்பதில்லை. தவிடு நீக்காத அரிசி எண்ணெய் கசந்து சீக்கிரம் நாறும், ஆகவே 2 கிலோவுக்கு மேல் ஒரேயடியாக வாங்காதீர்கள். வாங்கியதும் நாலைந்து நாள் ஃப்ரீசரில் வைத்து எடுங்கள். கடைக்காரரிடம் எப்போது குற்றியது என்று கேளுங்கள், நெல்லாகவே வைத்திருந்து மாதாமாதம் குற்றுபவரிடம் வாங்குங்கள்.

2021இல் சேதனம் சேதனம் என்று சொல்லி எங்களை நடுத்தெருவில் விட்டார்கள். இப்போது மானியம் தருகிறோம், மாறுங்கள் என்கிறார்கள். நம்பலாமா? (குச்சவெளி)

உங்கள் கோபம் நியாயமானது. அந்த வருடம் மே மாதம் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்து, நவம்பரில் தடையை விலக்கிக் கையை விரித்தது. நிலம் பழக இரண்டு மூன்று வருடம் எடுக்கும் காரியத்தை ஒரு வர்த்தமானியால் செய்யப் பார்த்த கூத்து அது. இப்போது யாரும் உங்கள் முழுக் காணியையும் கேட்க முடியாது. மேட்டுநிலத்தில் அரை ஏக்கர் குரக்கன் அல்லது எள்ளு போட்டுப் பாருங்கள், வாங்குபவர் யார் என்று விதைக்க முன்னமே கேளுங்கள். வயல் முழுவதையும் ஒரே போகத்தில் மாற்றினால்தான் காசு என்று படிவத்தில் இருந்தால் கையெழுத்து வைக்காதீர்கள்.