எக்ஸ்ரே ஃபிலிம் சுத்தமாக இருந்தால் வெல்டிங் நல்லது என்று நம்பலாமா?

ஃபிலிமை மட்டும் வைத்து நம்பாதீர்கள். பினாங்கில் பிறைப் பக்கம் வெல்டிங் பரிசோதனைதான் என் வேலை. இந்தக் கேள்வியைப் பட்டறைகளில் அடிக்கடி கேட்கிறார்கள்.

எக்ஸ்ரேயோ இரிடியம்-192 காமா கதிரோ, ஃபிலிமில் பதிவது கதிர் கடந்து வந்த இரும்பின் தடிப்பு வித்தியாசம்தான். வாயுக் குமிழியும் கசடும் கறுப்பாகத் தெரிந்துவிடும். தாள் கனம்கூட இல்லாத பிளவு கதிருக்குச் சாய்வாகக் கிடந்தால், தடிப்பு குறைந்ததே தெரியாது.

ஒரு தொட்டிக்கு 20 மில்லிமீட்டர் தகடு, இரு விளிம்பையும் 30 டிகிரி சீவி வெல்டிங் செய்தது. ஃபிலிமில் ஒன்றுமில்லை. அல்ட்ராசோனிக் என்ற மீயொலிச் சோதனையும் பார்ப்போம் என்று, கஞ்சி மாதிரி பசையைத் தடவி, ஒலியை 60 டிகிரி சாய்வாக உள்ளே அனுப்பும் புரோபை நகர்த்தினேன். ஓரிடத்தில் திரையில் எதிரொலி செங்குத்தாக எழுந்தது. புரோபைத் தள்ளினால் விழுகிறது, திரும்பக் கொண்டுவந்தால் எழுகிறது.

"ஃபிலிம்லயே ஒன்னும் இல்லையே தம்பி?" என்றார் வெல்டர்.

"கொஞ்சம் அரைச்சுப் பார்ப்போம் அண்ணே."

கணக்குப்படி 8 மில்லிமீட்டர் ஆழம். அதுவரை அரைத்து, துடைத்து, சிவப்புச் சாயம் அடித்துப் பத்து நிமிடம் விட்டோம். மேலே நின்ற சாயத்தைத் துடைத்துவிட்டு வெள்ளை டெவலப்பர் அடித்ததும், விரல் நீளத்துக்குச் சிவப்புக் கோடு கசிந்து வந்தது. சீவிய விளிம்போடு உலோகம் சேரவே இல்லை. அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கிரைண்டரைக் கையில் எடுத்தார்.

காரணம் கோணம்தான். தகட்டின் அடியில் பட்டு மேலே திரும்பும் 60 டிகிரி ஒலி, 30 டிகிரி சீவிய முகத்தில் நேருக்கு நேர் மோதி அப்படியே திரும்பும். அதே ஒலி சிதறிக் கிடக்கும் சிறு குமிழிகளில் பலவீனமாகத்தான் எதிரொலிக்கும்; அங்கே ஃபிலிம்தான் கை கொடுக்கும்.

மேற்பரப்பு விரிசலுக்கு, காந்தமாக்கிய இரும்பில் இரும்புத் தூள் தூவிப் பார்க்கும் காந்தத் துகள் சோதனை நல்லது. ஆனால் காந்தப்புலம் விரிசலுக்கு இணையாகப் போனால் துகள் திரளாது. அதனால் யோக்கை, அதாவது கையில் பிடிக்கும் காந்தத்தை, 90 டிகிரி திருப்பி இரண்டு முறை பாருங்கள். காந்தம் ஒட்டாத ஸ்டெயின்லெஸ் என்றால் சாயம்தான் வழி. அப்புறம், வெல்டிங்கில் புகுந்த ஹைட்ரஜனால் விரிசல் வரக்கூடிய எஃகு என்றால் அவசரப்படாதீர்கள். வெல்டிங் ஆறிய பிறகும் அது தாமதமாகத் தலைகாட்டும். பல இடங்களில் 48 மணி நேரம் காத்திருந்துதான் சோதிக்கிறோம்.

பரிசோதகரைக் கூப்பிடும்போது விளிம்பு சீவிய கோணத்தைக் காட்டும் வரைபடத்தையும் கையில் கொடுங்கள். அது இல்லாமல் 60 டிகிரி புரோபா, 70 டிகிரி புரோபா என்று எதை வைத்து நாங்கள் முடிவு செய்வது?