கவரின் மேல் எழுதிய பெயர்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 43 வயது. சிங்கப்பூர் ஈசூனில் கணவர், இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறேன். ஒரு கிளினிக்கில் வேலை. சம்பளம் 3,200 வெள்ளி, மத்திய சேம நிதிக்கு (மசேநி) பிடித்தது போக 2,560. மாதாமாதம் 320 வெள்ளியைக் கவரில் வைத்து, மேலே பெயர் எழுதிக் காணிக்கைப் பையில் போடுவேன். எங்கள் சபையில் போனிலேயே பணம் அனுப்பும் பேநவ் வந்த பிறகும் எனக்குக் கவர்தான். பக்கத்தில் இருப்பவர்கள் பார்க்கட்டுமே என்றுதான். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

போன வருடம் ஒரு மாதம் அந்தத் தசமபாகம் (சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு) போடவில்லை. அந்த மாதமே கணவருக்கு வேலை போனது. அன்றிலிருந்து பயம். பிப்ரவரியில் கட்டட நிதிக்கு வாக்குக் கொடுக்கச் சொன்னார்கள். முன்வரிசையில் ஒருவர் 5,000 என்றார். நானும் 2,000 என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் தமிழ்நாட்டு நாசரேத்திலிருந்து தம்பி போன் செய்தான். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன், கொஞ்சம் பணம் அனுப்பு அக்கா என்றான். "கர்த்தருக்குச் சொன்ன பணம்டா, எடுக்கக் கூடாது" என்றேன். அம்மா போனை வாங்கி, "பரவால்லம்மா, ஒரு கண்ணு தெரியுதே" என்றார்கள்.

இப்போது காணிக்கைப் பாட்டு தொடங்கினாலே கை வியர்க்கிறது. நான் கொடுப்பது கர்த்தருக்கா, மனுஷருக்கா? இந்த மனதோடு கொடுப்பதைவிட நிறுத்திவிடலாமா?

— ஈசூன் சகோதரி

அன்புள்ள சகோதரி,

முதலில் அம்மாவின் கண். பைபிளில் மாற்கு 7ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை 'கொர்பான்', அதாவது காணிக்கையாகக் கொடுத்தாயிற்று என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு கண்டிக்கிறார். தம்பியிடம் நீங்கள் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான். குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. உங்கள் கை வியர்ப்பது அம்மா சொன்ன அந்த ஒரு வரியால் என்றே எனக்குப் படுகிறது.

பொருத்தனை பண்ணினால், அதாவது கர்த்தருக்கு வாக்குக் கொடுத்தால், செலுத்த வேண்டுமே என்பீர்கள். பிரசங்கி 5ஆம் அதிகாரம் அப்படித்தான் சொல்கிறது. துணிகரமாய் வாயைத் திறக்காதே என்றும் அதே இடத்தில் இருக்கிறது. போதகரிடம் போய், "ஐயா, மற்றவர்களைப் பார்த்துச் சொல்லிவிட்டேன், தவணையாகத்தான் முடியும்" என்று சொல்லிவிடுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

அப்புறம் அந்த வேலை போன மாதம். காணிக்கை தவறாமல் போட்ட மாதங்களிலும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்திருக்கும், எதிர்பாராத செலவு வந்திருக்கும். அவற்றை மனம் கணக்கில் எழுதுவதில்லை. பயந்த மனம் ஒரே ஒரு மாதத்தைப் பிடித்துக்கொண்டு, அதையே சட்டமாக்கிவிடும். தண்டனைக்குப் பயந்து கொடுப்பதை நான் காணிக்கை என்று சொல்லமாட்டேன், அது மாதத் தவணை. பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" என்கிறார், அதாவது வருத்தத்தோடோ கட்டாயத்துக்காகவோ கொடுக்க வேண்டாம். (தசமபாகம் முழுச் சம்பளத்துக்கா, மசேநி போகக் கைக்கு வருவதற்கா என்று கணவனும் மனைவியும் சண்டை போட்டுக்கொண்டு என்னிடம் வந்திருக்கிறார்கள். அதில் நான் தலையிடுவதில்லை.)

பெருமையைப் பற்றி. பொருளியலாளர் ஜேம்ஸ் ஆண்ட்ரியோனி 1990இல் எழுதிய ஒரு கட்டுரையில், கொடுப்பவருக்கு உள்ளே ஒரு இதம் கிடைக்கிறது, கொடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று விளக்கினார். அந்த இதம் பாவம் இல்லை. முழுச் சுத்தமான மனது வந்தபின் கொடுக்கலாம் என்றிருந்தால் எந்தச் சபையிலும் பை காலியாகத்தான் திரும்பும். அதனால் நிறுத்த வேண்டாம்.

ஒன்று மட்டும் செய்து பாருங்கள். மூன்று மாதம் கவரில் பெயர் எழுதாதீர்கள். வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்று மத்தேயுவில் வருவதுதான். பை உங்களைக் கடந்து போகும்போது மனதில் எது குறைகிறது, எது மிஞ்சுகிறது என்று அன்றிரவே இரண்டு வரி எழுதி வையுங்கள். தொகை குறைந்தாலும் பரவாயில்லை. கணவர் வேலையில்லாத வீட்டில் தொகை எவ்வளவு என்பதை இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

அதற்கு முன்னால், இந்த ஞாயிறு ஆராதனைக்குக் கிளம்பும் முன்பே தம்பிக்குப் போன் செய்யுங்கள். ஆபரேஷன் எங்கே, எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். அப்புறம் அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லுங்கள்.